பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை பஞ்சாயத்துகளிலும் நெய்யாற்றின்கரை நகராட்சியிலும் தமிழ் பேசி வாழும் குடும்பத்தாருக்கு,

உங்கள் வீட்டு வைத்தியச் செலவைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுச் செலவில் உனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் மேசையில் இருந்து ஓய்வுபெற்றவன். கடன் விண்ணப்பத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. கல்யாணம், வீட்டுப் பணி, பிள்ளை படிப்பு என்று அதில் எழுதியவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. 'சிகிச்சை' என்று எழுதியவர்களின் முகம் நினைவில் இல்லை, அவ்வளவு பேர். கல்யாணத்துக்காக வைத்த வளையலை எப்படியாவது மீட்டுவிடுவார்கள். சிகிச்சைக்காக வைத்ததுதான் ஏலப் பட்டியலில் வந்து நிற்கும், ஏனென்றால் படுத்தவர் எழுந்த பிறகும் மருந்துக்கடைக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் ஊர் ஊராகப் பெயர்களைப் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்களில் பலர் பெருமையோடு சொல்லும் ஒரு பேச்சு உண்டு: "பைசா எவ்வளவு போனாலும் நல்ல ஆஸ்பத்திரியில் காட்டினோம்." அப்பாவுக்காக, பிள்ளைக்காக அப்படிச் செலவழித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பணம் கூடினால் நலமும் கூடும் என்பதுதான் அது. அந்த நம்பிக்கையை உலகமே சோதித்துப் பார்த்துவிட்டது. சோதனை நடந்த இடம் பணக்கார நாடுகள். பணம் இல்லாததால் தோற்றோம் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது, அதனால் அந்தக் கணக்கு நமக்கு நல்ல பாடம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2023-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 17.6 பங்கு மருத்துவத்துக்குப் போயிற்று. ஆளுக்கு 14,500 டாலருக்கும் மேல். உலகத்தில் வேறெந்தப் பெரிய நாடும் அதன் பக்கத்தில் வரவில்லை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் சராசரி நூற்றுக்கு ஒன்பதையொட்டித்தான் இருக்கிறது. இவ்வளவு கொட்டிய நாட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 78 வயதைச் சுற்றி நிற்கிறது. ஜப்பானில் 84. ஜப்பான் ஆளுக்குச் செலவழிப்பது அமெரிக்கா செலவழிப்பதில் பாதிகூட இல்லை. இதை வாசிக்கும்போது, அமெரிக்கர்கள் அதிகம் நோய்ப்படுகிறார்கள், அடிக்கடி டாக்டரிடம் போகிறார்கள், அதனால் செலவு என்று தோன்றலாம். அப்படியும் இல்லை. ஒரு ஜப்பானியர் ஆண்டில் டாக்டரைப் பார்க்கும் தடவைகள் அமெரிக்கரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. 2003-இல் கெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் முதலிய பொருளாதார அறிஞர்கள் இந்த நாடுகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முடிவு எளிமையானது: அமெரிக்காவில் சிகிச்சை அதிகமில்லை, விலைதான் அதிகம். அதே ஸ்கேன், அதே மாத்திரை, அதே படுக்கை, ஆனால் வேறு விலை.

ஜப்பானில் அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். 1961 முதல் அங்கே எல்லாரும் ஏதாவதொரு மருத்துவக் காப்பீட்டுக்குள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை தனியார்தான். ஆனால் எந்தச் சோதனைக்கு என்ன விலை, எந்த அறுவைக்கு என்ன விலை என்ற பட்டியலை அரசு போடுகிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறது. நோயாளி கையிலிருந்து கொடுப்பது பொதுவாகப் பில்லில் நூற்றுக்கு முப்பது. அதுவும் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் விலை கேட்கக் கூடாது என்று உங்களிடம் யாராவது சொன்னால், ஜப்பானை அவருக்குச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2017 பிப்ரவரியில் நம் ஒன்றிய அரசின் மருந்து விலை ஆணையம், இதயக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை கட்டியது. அதற்கு முன்பு அதற்கே ஒரு லட்சத்துக்கும் மேல் பலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரிக்கு முன்பும் பின்பும் வைத்தது அதே உலோகத் துண்டுதான்.

இனி பிரிட்டன். இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மகள்களும் மருமகள்களும் அங்கே நர்ஸாக இருக்கிறார்கள். வெள்ளறடையிலிருந்து பொழியூர் வரை நர்சிங் படித்துக் கடல் கடந்த பெண் இல்லாத தெரு குறைவு. அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் வார்டில் படுத்திருக்கும் கிழவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்தக் கவுண்டரில் பணம் கட்டுகிறார்?" அங்கே அப்படியொரு கவுண்டரே இல்லை என்பார்கள். 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கிய தேசிய மருத்துவச் சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கேயும் குறை உண்டு. சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியல் 2022-இல் எழுபது லட்சத்தைத் தாண்டியது, நர்ஸ்மாரின் வேலைச்சுமை அவர்கள் அழைக்கும்போதே குரலில் கேட்கிறது. ஆனாலும் இதை யோசித்துப் பாருங்கள். கவுண்டரே இல்லாத ஆஸ்பத்திரியில் உழைத்து உங்கள் மகள் அனுப்பும் பவுண்டை, நீங்கள் இங்கே ஒரு கவுண்டரில் கொண்டுபோய்க் கட்டுகிறீர்கள். அந்தப் பணம் எந்த வீட்டில் என்னவாகிறது என்று எனக்குத் தெரியும். பாதி வீட்டுக்கு, மீதி மருந்துக்கு.

நாடுகளுக்கிடையே உண்மையான வேறுபாடு மொத்தச் செலவில் இல்லை. நோய் வந்த அன்று, வந்தவன் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதில் இருக்கிறது. நாம் போடும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் போடுகிறோம், தேவை வந்தவர் எடுக்கிறார். வரியும் காப்பீடும் பெரிய அளவில் அதுதான். சீட்டில் இல்லாதவன் தேவை வந்த அன்று வட்டிக்காரன் வீட்டுக்கு நடக்கிறான். பணக்கார நாடுகளில் மொத்த மருத்துவச் செலவில் நோயாளியின் கையிலிருந்து போவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுக்குள். பிரான்ஸில் பத்துக்கும் கீழே. எல்லாரும் பழிக்கும் அமெரிக்காவிலேயே பத்து, பதினொன்றுதான். அங்கே காப்பீட்டுக்கு மாதாமாதம் கட்டும் தொகை தனி, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் எந்தக் காப்பீடும் இல்லாமல் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கடனில் மூழ்கியவர்கள் ஏராளம் என்பதெல்லாம் உண்மை. இருந்தும் நூற்றுக்குப் பதினொன்று.

நம் கேரளத்தில் எவ்வளவு? ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு 2019-20-க்குச் சொல்வது: நூற்றுக்கு 67.9. மூன்றில் இரண்டு பங்கு கவுண்டரில். தமிழ்நாட்டில் அதே ஆண்டில் பாதிக்கும் குறைவு. அடுத்து வந்த 2021-22 கணக்கில் கேரளத்தின் பங்கு 59.1-க்கு இறங்கியது. நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆளுக்குக் கையிலிருந்து போன தொகை 7,206 ரூபாயிலிருந்து 7,889 ரூபாய்க்கு ஏறியிருக்கிறது. அரசு கோவிட் காலத்தில் கூடுதலாகச் செலவழித்ததால் விழுக்காடு குறைந்தது, உங்கள் கைச்செலவு குறையவில்லை. இந்திய மாநிலங்களில் ஆளுக்கு மிக அதிகமாகக் கைப்பணம் கொடுப்பவர்கள் நாம்தான். நாட்டுச் சராசரியைப்போல் மூன்று மடங்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு 39,000 ரூபாயை ஒட்டி வரும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். செலவு குறைவாக இருப்பதெல்லாம் நல்லதாகிவிடாது. ஆஸ்பத்திரிப் படியே ஏறமுடியாமல் வீட்டில் கிடந்து சாகிறவனின் கணக்கில் பூஜ்யம்தான் இருக்கும். வட மாநிலங்கள் சிலவற்றின் குறைந்த செலவுக்குப் பின்னால் அப்படிப்பட்ட பூஜ்யங்கள் நிறைய உண்டு. கேரளத்தில் மக்கள் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள், போய்க் காட்டுகிறார்கள், அதிக வயது வாழ்கிறார்கள், வயது கூடக் கூட மருந்தும் கூடுகிறது. பிறந்து ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023 கணக்கில் ஆயிரத்துக்கு 5. அமெரிக்காவில் அது 5.6. இதில் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தப் பெருமை கவுண்டரில் வாங்கியதில்லை. எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள நீங்கள் எங்கும் போக வேண்டாம், நெய்யாற்றின்கரை வரை போனால் போதும்.

1813-இல் ராணி கௌரி லட்சுமிபாய் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1838-இல் லண்டன் மிஷன்காரர்கள் நெய்யூரில் வைத்தியசாலை திறந்தார்கள். எவரெஸ்ட் ஏற வந்த ஹோவர்ட் சாமர்வெல் அங்கே டாக்டராகத் தங்கிவிட்ட கதையை உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள், காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது இவர்களைவிட அதிகம் பேசப்படாத ஒன்று. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு திருவிதாங்கூர் அரசு ஒரு முன்மாதிரிச் சுகாதார நிலையத்தை அமைத்தது. இந்தியாவில் அப்படி அமைந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதில் ஒன்று நெய்யாற்றின்கரையில். அதன் வேலையில் பெரும்பகுதி ஊசியும் மருந்தும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிரசவத்துக்கு உதவுவது, கொக்கிப்புழுவைத் தடுக்கக் கக்கூஸ் கட்டச் சொல்வது, பிறப்பு இறப்பைக் கணக்கெழுதுவது. கணக்கெழுதுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அதற்கு வருவேன்.

அதே ராக்பெல்லர் அறக்கட்டளை 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குறைந்த செலவில் நல்ல உடல்நலத்தை எட்டிய இடங்கள் எவை என்று பார்த்து, சீனா, கோஸ்டா ரிக்கா, இலங்கை, கேரளம் என்று நான்கைச் சொன்னது. குறைந்த செலவு! நாற்பது ஆண்டுக்குள் உலகத்துக்கே உதாரணமாக நின்ற மாநிலம் இந்தியாவிலேயே அதிகக் கைப்பணம் கொடுக்கும் மாநிலமாக மாறிவிட்டது. எனக்கு இதில் கோபம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்க வேண்டும்.

எங்கே போகிறது அந்தப் பணம்? பெரிய ஆபரேஷன்தான் வீட்டைக் கவிழ்க்கிறது என்று நினைக்கிறோம். அது கவிழ்ப்பது உண்மை. ஆனால் வீட்டை மெதுவாக அரிப்பது மாத்திரைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து நடத்திய நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானது. கேரளத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 25.5 பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. நாலில் ஒருவர். அவருக்குப் பெரும்பாலும் பிரஷரும் கூட. சாகும்வரை தினமும் மருந்து. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா அட்டை, ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை என்று சொல்லும் அந்த அட்டை, படுத்தால்தான் பேசும். அட்மிட் ஆவதற்கு முன் மூன்று நாள், டிஸ்சார்ஜ் ஆன பின் பதினைந்து நாள் மருந்து, அத்தோடு முடிந்தது. பதினாறாம் நாளிலிருந்து உங்கள் சுகர் மாத்திரைக்கு அந்த அட்டை ஒரு பைசா தராது.

அந்த மாத்திரையை இலவசமாகத் தர வேண்டிய இடம் உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய கேந்திரம். 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் அந்தப் பெயரும் புதுக் கட்டடமும் வந்தன. சுகர், பிரஷர் மருந்துகள் அங்கே இருக்க வேண்டும். சில மாதம் இருக்கிறது, சில மாதம் இல்லை. இல்லாத மாதம் நர்ஸ் "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறார், நீங்கள் வெளியே போகிறீர்கள், மருந்துக்கடைக்காரர் வேறு பிராண்டு தருகிறார், அடுத்த மாதமும் பழக்கத்தில் அங்கேயே போகிறீர்கள். இப்படித்தான் அரசு மருத்துவம் காலியாகிறது. அதைப் பூட்டுப் போட்டு யாரும் மூடவில்லை. நாம் கேட்காமல் வெளியே நடப்பதால் மூடுகிறது.

தமிழ்நாடு இந்த இடத்தில் ஒரு வேலை செய்தது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை நிறுவி, மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாக, பிராண்டு பெயர் இல்லாமல், டெண்டர் வைத்து வாங்கியது. ஒவ்வொரு கிடங்கிலும் என்ன இருப்பு என்று கணினியில் பார்த்தது. கேரளம் அதைப் பார்த்துத் தன் கழகத்தை 2007-இல் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் அத்தை வீட்டுக்கு வருவது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. இடையில் இருப்பது இஞ்சிவிளையில் ஒரு வரம்பு, அவ்வளவுதான். நான் தமிழ்நாட்டைப் புகழ்ந்து உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. புற்றுநோய் என்றால் நாகர்கோவில்காரரும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் ஓடிவருகிறார், இதய வால்வு என்றால் ஸ்ரீசித்ராவுக்கு. நம் நாட்டில் செய்த முதல் செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் பொருத்தியது அந்த ஸ்ரீசித்ராவில்தான். வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு. இரண்டு மாநிலமும் நல்ல வேலை செய்திருக்கின்றன. நடுவில் கிடக்கும் நம்மிடம்தான் இரண்டும் முழுதாக வந்து சேரவில்லை.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரைத் தமிழர்கள் இங்கே நின்றோம். அந்தப் பழைய வழக்கை நான் கிளறவில்லை. தீர்ந்த வழக்கு. ஆனால் அந்தக் கோடு ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் கிடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு. கேரளத்தின் காருண்ய அட்டையில் ஏறக்குறைய 42 லட்சம் குடும்பங்கள் உள்ளன, அதில் பாதியளவுதான் ஒன்றிய அரசின் காப்பீட்டுப் பட்டியலிலும் இருப்பவை. மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் பயன்படுத்தும் வசதி ஒன்றிய அரசுத் திட்டத்தோடு வருவது. நெஞ்சுவலி வந்த அன்று மார்த்தாண்டத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் இறங்கிய பிறகு, இந்த அட்டை இங்கே செல்லாது என்று கேட்பது எவ்வளவு கொடுமை. அப்படி வராமலிருக்க, உங்கள் அட்டை எந்தப் பட்டியலில் இருக்கிறது, எல்லைக்கு அப்பால் எந்த ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே அக்ஷயா மையத்தில் கேட்டுவையுங்கள். 2020-இல் கோவிட் காலத்தில் தலப்பாடியில் கர்நாடகம் சாலையை மறித்தபோது, மங்களூரு ஆஸ்பத்திரிகளுக்குப் போக முடியாமல் காசர்கோட்டு நோயாளிகள் பலர் இறந்தார்கள். எல்லையில் வாழ்கிறவன் நோய்க்கு முன்பே வழி விசாரித்து வைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இன்னொரு குறை. கேரளத்தில் 2018-இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரியும் லேபும் தங்கள் சேவைக்கு என்ன கட்டணம் என்று மக்கள் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்கிறது அது. நான் ஜப்பானைச் சொன்னேனே, அங்கே அரசு விலையே கட்டுகிறது, இங்கே விலையை எழுதி மாட்டு என்பதோடு சட்டம் நிற்கிறது. அந்தச் சின்ன உரிமையையாவது நீங்கள் பயன்படுத்துகிறீர்களா? கட்டணப் பலகை எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறீர்கள். மீன்கடையில் விலை கேட்கத் தயங்காத அம்மாமார்கள், ஸ்கேன் சென்டரில் வாயைத் திறப்பதில்லை. பலகை இருந்தாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும், நம் கிழவிகளுக்குத் தமிழ் எழுத்தே கூட்டிப் படிக்கவேண்டியது. தமிழிலும் எழுதுங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான், வேறு யார் கேட்பார்கள்?

"அரசு ஆஸ்பத்திரியில் யார் காத்துக்கிடப்பது, ஒரு நாள் கூலி போகும்" என்பீர்கள். அந்தக் கூலிக் கணக்கு சரி. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் வரிசையை நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வரிசையைக் குறைக்க வேண்டிய டாக்டர், மருந்தாளுநர், லேப் ஆள் எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், உங்கள் வரிசையைப் பார்த்தால்தானே முடிவு செய்வார்கள்? ஓரளவு பைசா உள்ளவன் எல்லாம் வரிசையை விட்டுப் போய்விட்டால், வரிசையில் மிஞ்சியவன் குரலுக்கு எடை இல்லை. பிரிட்டனில் அமைச்சரின் தாயும் அதே வார்டுக்கு வரக்கூடும் என்பதால்தான் அந்த வார்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் சண்டை நடக்கிறது. இங்கே மெம்பர் வீட்டிலேயே யாரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

இவ்வளவும் சொன்னது ஒரு காரியத்தைக் கேட்பதற்காக. மேலே நான் சொன்ன நாட்டுக் கணக்குகள் எப்படி வந்தன? ஓ.இ.சி.டி.யும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2011-இல் ஒரே முறையில் கணக்கெழுத வழி வகுத்தன. எது மருத்துவச் செலவு, யார் கொடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று எல்லா நாடும் ஒரே மாதிரி எழுதுகின்றன, அதனால் ஒப்பிட முடிகிறது, அதனால் அவமானப்பட முடிகிறது, அதனால் சில நாடுகள் திருந்துகின்றன. இந்தியாவும் அந்த முறையில்தான் எழுதுகிறது. ஆனால் 2021-22 கணக்கில் உங்கள் கைப்பணம் என்று போட்டிருப்பது, 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வை வைத்து நீட்டிக் கணித்தது. காரோட்டுக்கென்றோ செங்கலுக்கென்றோ ஒரு கணக்கும் இல்லை. எல்லையோரத் தமிழ் வீடுகள் என்ன கொடுக்கின்றன என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாத கடனை எந்தச் சங்கமும் வசூலிக்காது, இது என் தொழில் சொல்லித்தந்தது.

ஆகவே அம்மாமாரே, அண்ணன்மாரே, இன்று முதல் மூன்று மாதம் உங்கள் வீட்டு மருந்துக்கடை பில், லேப் பில், டாக்டர் பீஸ், ஆட்டோக் கூலி எதையும் கிழித்துப் போடாதீர்கள். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, எதற்காக, எவ்வளவு, அரசா தனியாரா என்று நாலு கோடு போட்டு எழுதுங்கள். அரசு கேந்திரத்தில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால், மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். சீட்டிலேயே "இருப்பு இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தகராறு வேண்டாம், சிரித்துக்கொண்டே கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் நர்ஸும் மருந்தாளுநரும் நம் எதிரிகள் இல்லை, மருந்து வராததில் உங்களைவிட அவர்களுக்குத்தான் திட்டு அதிகம்.

கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் முப்பது ஆண்டுக்கு முன்பே உங்கள் பஞ்சாயத்தின் கைக்கு வந்துவிட்டன, தாலுகா ஆஸ்பத்திரிக்கு பிளாக் பஞ்சாயத்தில் பதில் சொல்ல ஆள் உண்டு. கிராமசபைக்கு இப்போது நீங்கள் போவது ஆடு, கோழி, வீட்டு மான்யப் பட்டியலில் பெயர் வர. அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பத்து வீட்டு நோட்டைக் கூட்டினால் ஒரு தெருவின் கணக்கு, நூறு வீட்டைக் கூட்டினால் வார்டின் கணக்கு. குடும்பஸ்ரீயில் கணக்கெழுதும் பெண்கள் ஒரே மாலையில் கூட்டித் தந்துவிடுவார்கள், அவர்கள் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள். அந்தத் தொகையைச் சபையில் வாசித்து, மூன்று விஷயத்தைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சுகர், பிரஷர் மருந்து ஒரு மாதமும் தீரக் கூடாது. தீர்ந்தால் பஞ்சாயத்து தன் நிதியிலிருந்து வாங்கிவைக்க வேண்டும். நம் பஞ்சாயத்திலுள்ள ஆஸ்பத்திரி, லேப் எல்லாவற்றிலும் கட்டணப் பலகை தமிழிலும் இருக்க வேண்டும்.

மெம்பர் தலையாட்டிவிட்டு மறந்துபோவார் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், இந்த மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக நம் கையில் இருக்கும் இந்த உரிமையைப் பள்ளிக்கூட விஷயத்துக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குப் பயன்படுத்தியதே இல்லை. வார்டுக் கணக்கை இணைத்து, திருவனந்தபுரத்தில் உள்ள சுகாதாரத் துறை இயக்குநருக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மருந்து இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய், நகலுக்குப் பக்கக் கணக்கில் தனி.

கடிதம் எழுத வராதவர்கள் நோட்டை மட்டும் எழுதுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். சங்கத்தில் உட்கார்ந்து உங்களுடைய கடன் விண்ணப்பங்களை எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதையும் எழுதுவேன். அடுத்த கிராமசபைக்கு நோட்டோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
பாறசாலை